ஏஐ மாடல் அணிந்த ஜாக்கெட் படங்களில் வரும் கோளாறுகள்: அறிகுறிவாரியாகச் சரிசெய்யும் முறை

திருப்பூரில் இணையவழி விற்பனை செய்யும் சிறு பனியன் நிறுவனங்களுக்குக் கேட்டலாக் படங்கள் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். மாடலை அமர்த்தி, ஸ்டுடியோ பிடித்துப் படமெடுத்த காலம் போய், ஜாக்கெட்டை மட்டும் படமெடுத்துக்கொண்டு அதை அணிந்திருக்கும் ஆளை ஏஐ கருவியில் உருவாக்கித் தரும் வேலைதான் இப்போது அதிகம் வருகிறது. அந்தப் படங்களில் ஒரே வகைக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் கிடைத்த முறைகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஜாக்கெட் என்று நான் சொல்வது ஃபிளீஸ் ஹுடி, ட்ராக் ஜாக்கெட், விண்ட்சீட்டர், பஞ்சு வைத்துத் தைத்த பஃபர் ஆகியவற்றை. ஒரு முறை, எந்த மாதிரிப் படம் வேண்டும் என்று கருவிக்கு எழுதும் கட்டளையைத் தமிழில் தட்டி, ‘ஜாக்கெட்’ என்று மட்டும் கொடுத்தபோது கருவி சேலைக்கு அணியும் ரவிக்கையை வரைந்து கொடுத்தது. அதைத் தவறென்று சொல்லவும் முடியவில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் தொடக்கம் ஒன்றுதான். உண்மையான ஜாக்கெட்டை மேசையில் விரித்து வையுங்கள். நீங்கள் எடுத்த மூலப் படத்தையும் கருவி உருவாக்கிய படத்தையும் திரையில் அருகருகே வைத்து, இரண்டையும் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கோளாறு மூலப் படத்திலேயே இருக்கிறதா, உருவாக்கிய படத்தில்தான் புதிதாக நுழைந்ததா என்பது தெரியாமல் கட்டளையை மாற்றி மாற்றி எழுதுவது நேரத்தையும், கருவியில் படத்துக்காகப் பணம் கட்டி வாங்கும் கிரெடிட்டையும் தின்னும் வேலை. என்னிடம் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை மூலப் படத்தில் தொடங்கியவையே.

அறிகுறி: நிறம் மாறித் தெரிகிறது

ஆலிவ் பழுப்பாகிறது, நேவி கறுப்பாகிறது, மெரூன் செங்கல் நிறமாகிறது. வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்புவதற்கு இதைவிட எளிய காரணம் வேண்டியதில்லை என்பதால் இதை முதலில் வைக்கிறேன்.

*மூலப் படத்திலேயே மாறியிருந்தால்*

படமெடுத்த இடத்தில் எத்தனை வகை வெளிச்சம் இருந்தது என்று முதலில் பாருங்கள். சன்னல் வெளிச்சமும் ட்யூப்லைட்டும் கலந்திருந்தால் ஜாக்கெட்டின் ஒரு பாதி நீலம் தட்டியும் மறு பாதி மஞ்சள் தட்டியும் இருக்கும். இதை எந்த மென்பொருளாலும் சுத்தமாகச் சரிசெய்ய முடியாது. ஒன்றை அணைத்துவிட்டு மறுபடி எடுப்பதே மலிவான வழி. அடுத்து, கைபேசியின் தானியங்கி நிறச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால், சிவப்பு ஜாக்கெட்டுக்கு ஒரு மாதிரியும் பச்சை ஜாக்கெட்டுக்கு வேறு மாதிரியும் அது தானாகவே ஈடுசெய்துகொண்டு போகும்.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையென்றால், ஜாக்கெட்டின் அருகே ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுங்கள். அந்த அட்டையின் மேல், படத்திருத்த மென்பொருளில் நிற எண்களைக் காட்டும் துளிமுனையை வைத்தால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் எண்களும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். சிவப்பு 190 என்றும் நீலம் 165 என்றும் வந்தால் வெளிச்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கிறது. சாம்பல் அட்டைக்குப் பதிலாக வெள்ளை ஏ4 தாளை வைப்பவர்கள் உண்டு. அந்தத் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் நீலம் தட்டச் செய்யும் என்பதால் நான் அதை நம்புவதில்லை.

விளக்கே காரணமாக இருப்பதும் உண்டு. விலை குறைந்த எல்இடி விளக்கில் மெரூனும் நேவியும் உயிரற்றுப் போகும். நிறத் துல்லியக் குறியீடு (சிஆர்ஐ) 95-க்கு மேல் உள்ள விளக்கை வாங்குவது இந்தப் பட்டியலில் முதல் செலவு.

*மூலப் படம் சரியாக இருந்து, உருவாக்கிய படத்தில் மட்டும் மாறினால்*

கட்டளையில் மாலை வெயில், மஞ்சள் விளக்கு, மலைப்பிரதேசம் என்று எதையாவது எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கருவி அந்த வெளிச்சத்தை ஆளின் மேல் மட்டுமல்லாமல் ஜாக்கெட்டின் மேலும் பூசிவிடும். பின்னணியைச் சாதாரண வெள்ளையாக்கி, வெளிச்சம் பரவலாகவும் நடுநிலையாகவும் இருக்கட்டும் என்று எழுதி மறுபடி உருவாக்குங்கள். அப்போதும் மாறினால், உருவாக்கிய படத்தில் ஜாக்கெட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, மூலப் படத்தின் எண்களுக்கு ஏற்ப நிறத்தைத் திருத்துங்கள். முகமும் பின்னணியும் அந்தத் தேர்வில் சேர்ந்துவிடக் கூடாது. நிறம் திருத்தப்போய் மாடலுக்குக் காமாலை பிடித்த படங்களைப் பார்த்திருக்கிறேன்.

*கணினியில் சரி, கைபேசியில் வேறு என்றால்*

படத்தின் நிறவெளி, அதாவது நிறங்களைப் பதிவுசெய்யும் முறை, அடோபி ஆர்ஜிபி-யாக இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றிச் சேமித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

*எப்போது நிபுணரை அழைப்பது*

ஒரே ஜாக்கெட் வகையில் நெருங்கிய மூன்று நான்கு ஷேடுகள் இருந்தால், உதாரணமாக ஆலிவ், மிலிட்டரி பச்சை, பாட்டில் பச்சை எல்லாம் ஒரே பக்கத்தில் விற்பனைக்கு வந்தால், நீங்களாகக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டாம். துணி சாயமேறிய இடத்திலோ ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமோ, நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸ் இருக்கும். அதில் பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 வெளிச்சத்தில் துணியை வைத்து, நிறத் திருத்தம் தெரிந்த ஒருவரை அருகில் உட்காரவைத்துப் படத்தோடு ஒப்பிடச் செய்யுங்கள். லாட்டுக்கு லாட் சாயம் மாறியிருக்கும்போது படத்தைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதும் அங்கேதான் தெரியவரும்.

அறிகுறி: ஜிப் உருகியது போல் தெரிகிறது

பற்கள் ஒன்றோடொன்று கலந்து கோடாகிவிடும். ஜிப்பை ஏற்றி இறக்கும் ரன்னர் இரண்டாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. பாதி திறந்த ஜிப் கீழே போய்த் துணிக்குள் மறைந்துவிடும்.

முதலில் படத்தின் அளவைப் பாருங்கள். 70 செ.மீ. நீள ஜாக்கெட் 1,000 பிக்சலுக்குள் அடங்கினால் ஒரு செ.மீ.க்குச் சுமார் 14 பிக்சல்தான் கிடைக்கும். அந்த 14 பிக்சலுக்குள் பல பற்களைக் காட்ட வேண்டிய நிலையில் கருவி ஊகித்துத்தான் வரையும். மூலப் படத்தின் நீண்ட பக்கம் 3,000 பிக்சலுக்குக் குறையாமல் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அதை அழித்துவிட்டு, கோப்பாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். படமாக அனுப்பும்போது அது சுருங்கித்தான் வந்து சேர்கிறது.

அளவு சரியென்றால், மூலப் படத்தில் ஜிப் எப்படி இருந்தது என்று பாருங்கள். பாதி திறந்து, இரண்டு பக்கமும் நெளிந்து கிடந்த ஜிப்பிலிருந்து நேரான ஜிப் வராது. முழுவதும் மூடி, ரன்னரைக் கழுத்துவரை ஏற்றி, அதைப் பிடித்து இழுக்கும் புல்லரை நேராகத் தொங்கவிட்டு எடுத்த படத்தைக் கொடுங்கள். திறந்த நிலையில் ஒரு படம் வேண்டுமென்றால் திறந்த நிலையிலேயே தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டும். மூடியதைக் கருவி திறந்து காட்டட்டும் என்று விட்டால், உள்ளே இருக்கும் துணியை அது தன் கற்பனையில் தைத்துவிடும்.

இதற்கும் மசியாத ஜிப்பை மறுபடி மறுபடி உருவாக்காதீர்கள். மூலப் படத்தில் உள்ள உண்மையான ஜிப் பட்டையை வெட்டி எடுத்து, உருவாக்கிய படத்தின் மேல் ஒட்டி, மாடலின் நிற்கும் வளைவுக்கு ஏற்ப இலேசாக வளைத்து, மேலே நிழலை மட்டும் சேர்த்தால் போதும். பழகிய கைக்கு இது கால் மணி நேர வேலை. ஆளை ஏஐ உருவாக்கட்டும், ஜாக்கெட்டை உருவாக்க விடாதீர்கள் என்று வருபவர்களிடம் எல்லாம் நான் சொல்வது இதை வைத்துத்தான். மாடல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும் படமாக இருந்து, ஒட்டிய ஜிப் உடலோடு சேராமல் துருத்தி நின்றால், படங்களை நுணுக்கமாகத் திருத்தும் ரீடச்சிங் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜிப்போடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். மார்பில் உள்ள பாக்கெட்டும் லேபிளும் உண்மையான ஜாக்கெட்டில் இருக்கும் அதே பக்கத்தில் இருக்கின்றனவா? சில நேரம் படம் கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாகத் திரும்பியிருக்கும். எழுத்து இல்லாத ஜாக்கெட்டில் இது யார் கண்ணிலும் படாமல் விற்பனைத் தளம் வரைக்கும் போய்விடும்.

அறிகுறி: ஜாக்கெட்டின் அளவும் வெட்டும் மாறுகின்றன

தளர்வாகத் தைத்த ஹுடி மாடலின் உடலோடு ஒட்டி நிற்கிறது. இடுப்பில் முடிய வேண்டியது தொடைவரை இறங்குகிறது. பஃபரின் உப்பல் காற்று இறங்கினாற்போல் தட்டையாகிறது. படம் அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் இது ஆபத்தான கோளாறு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எண்ணவும் அளக்கவும் வேண்டும்.

எண்ணுவது எளிது. பஃபரில் மேலிருந்து கீழாக எத்தனை தையல் வரிசைகள், எத்தனை பாக்கெட்டுகள், எத்தனை பட்டன்கள், ஹூட் கயிற்றுக்கு எத்தனை ஐலெட்கள் என்று உண்மையான ஜாக்கெட்டில் எண்ணி ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு படத்தில் எண்ணுங்கள். ஒன்பது வரிசை உள்ள பஃபரைக் கருவி ஏழு வரிசையாக்கியிருந்தால் அந்தப் படம் வேறொரு ஜாக்கெட்டின் படம்.

அளப்பதற்கு நேராக நிற்கும் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்ஜிப் நீளம் 62 செ.மீ., பாக்கெட் வாய் 16 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். படத்தில் ஜிப் 1,240 பிக்சல் இருந்தால் ஒரு செ.மீ.க்கு 20 பிக்சல். பாக்கெட் வாய் ஏறத்தாழ 320 பிக்சல் வர வேண்டும். 250 தான் வருகிறதென்றால், பாக்கெட் சுருங்கியிருக்கிறது அல்லது ஜாக்கெட் நீண்டிருக்கிறது. தலை முதல் கால்வரை தெரியும் படமானால் இன்னும் எளிது: 70 செ.மீ. ஜாக்கெட்டை 175 செ.மீ. உயரமுள்ளவர் அணிந்தால், தோள்பட்டை உச்சியிலிருந்து அடிப்பகுதிவரை அவர் உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் வரும். அகலத்தை இப்படி அளக்காதீர்கள், அது உடலைச் சுற்றிப் போய்விடுகிறது.

தவறு என்று தெரிந்தபின் காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள். கட்டளையில் மாடலின் உடல்வாகைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் கருவி ஒல்லியான ஆளையும் அவருக்குப் பொருந்தும் ஜாக்கெட்டையும் சேர்த்தே தரும்; எல் அளவு ஜாக்கெட்டுக்கு எல் அளவு ஆளைக் கேளுங்கள். அடுத்து, மூலப் படத்தைக் கைபேசியின் அகலக் கோண லென்ஸில் மிக அருகிலிருந்து எடுத்திருந்தால் நடுப்பகுதி பெருத்தும் ஓரங்கள் இழுபட்டும் இருக்கும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, மார்பு உயரத்தில் கேமராவை வைத்து, இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். மூன்றாவது காரணம் தரையில் விரித்து எடுப்பது. தட்டையாகக் கிடக்கும் ஹுடியில் தோளின் வளைவும் கையின் சுற்றளவும் இல்லை. அதை எல்லாம் கருவிதான் இட்டுநிரப்புகிறது. ஒரு டம்மியில் (ஆள் வடிவப் பொம்மை) போட்டு எடுத்து, டம்மியை அழித்துவிட்டுக் கொடுத்தால் இந்த அறிகுறியில் பெரும்பகுதி மறைந்துவிடும். டம்மிக்குச் செலவழிப்பது விளக்குக்கு அடுத்து நான் சிபாரிசு செய்யும் செலவு. டம்மியில் எடுத்தும் பஃபரின் உப்பல் சரியாக வரவில்லையென்றால், அந்த ஒரு பொருளுக்கு மட்டும் உண்மையான மாடலையும் புகைப்படக்காரரையும் ஏற்பாடு செய்யுங்கள். கிரெடிட்டில் போகும் பணம் அங்கே போகட்டும்.

அறிகுறி: லோகோ, எழுத்து, எம்ப்ராய்டரி சிதைகின்றன

இதற்குக் கிளைகள் இல்லை. எழுத்தைக் கருவியிடம் விடவே கூடாது. பிரிண்ட் போட்டவரிடம் உள்ள வடிவமைப்புக் கோப்பை வாங்கி, உருவாக்கிய படத்தின் மேல் துணி மடிப்புக்கு ஏற்ப ஒட்டுங்கள். எம்ப்ராய்டரிக்கு வடிவமைப்புக் கோப்பு போதாது, நூலின் மேடும் பளபளப்பும் அதில் இல்லை. உண்மையான எம்ப்ராய்டரியை அருகிலிருந்து தனியாகப் படமெடுத்து அதையே ஒட்ட வேண்டும். முதுகு முழுவதும் பிரிண்ட் உள்ள ஜாக்கெட்டை ஏஐ மாடலுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அறிகுறி: துணி வேறு துணியாகத் தெரிகிறது

ஃபிளீஸ் ரப்பர் போலவும், நைலான் விண்ட்சீட்டர் தோல் போலவும், வெவ்வேறு நிற இழைகள் கலந்த சாம்பல் மெலாஞ்சின் புள்ளிகள் அழிந்து வெறும் சாம்பலாகவும் வரும். படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளை இடையில் பயன்படுத்தியிருந்தால் அதை நீக்கிவிட்டுப் பாருங்கள். அது மெலாஞ்சின் புள்ளிகளை அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. கைபேசியின் அழகூட்டும் வசதி இயங்கியிருந்தாலும் இதே விளைவுதான். பிறகு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து மூலப் படத்தை மறுபடி எடுங்கள், இழையின் மேடுபள்ளம் நிழலில்தான் தெரியும். கட்டளையில் துணியை விவரிப்பதும் உதவும்: 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) பருத்தி ஃபிளீஸ் என்பதைவிட, ‘பளபளப்பில்லாத, கனமான, உள்ளே பஞ்சு போல் துலக்கிய பின்னலாடைத் துணி’ என்று விவரித்தபோது எனக்கு நல்ல பலன் கிடைத்தது. கஃப்பிலும் அடிப்பகுதியிலும் உள்ள ரிப் கோடுகள் மட்டும் அழிந்திருந்தால் ஜிப்புக்குச் சொன்ன ஒட்டு வேலையே போதும்.

அறிகுறி: பின்பக்கத்தில் இல்லாத தையல் இருக்கிறது

முன்பக்கப் படத்தை மட்டும் கொடுத்துப் பின்பக்கத்தைக் கேட்டிருக்கிறீர்கள். பார்க்காத முதுகைக் கருவி இட்டுக்கட்டித்தான் தரும். தோளுக்குக் கீழே ஓடும் ஒரு யோக் தையல், ஒரு தொங்கு லூப், சில நேரம் ஒரு லோகோகூட முளைக்கும். பின்பக்கம், ஹூட்டின் உட்பக்கம், லைனிங் ஆகிய மூன்றையும் படமெடுத்துக் கொடுங்கள். லைனிங்கை ஏஐ மாடலில் காட்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஜாக்கெட்டை மேசையில் திறந்து வைத்து எடுத்த சாதாரணப் படம் அதற்குப் போதும்.

அறிகுறி: விரல், கழுத்து, முடி கோணலாகின்றன

கையைப் பாக்கெட்டுக்குள் வைக்கச் சொல்லாதீர்கள்; கைகள் தொங்கட்டும். நீண்ட முடியைப் பின்னால் கட்டச் சொல்லுங்கள், முடி காலரோடு கலக்காது. அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மறுபடி வரையச் செய்து, அப்போதும் சரியாகவில்லையென்றால் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்றை உருவாக்குங்கள். இதற்கு நிபுணரை அழைக்க வேண்டியதில்லை.

அறிகுறி: முகத்தில் சிக்கல்

*படத்துக்குப் படம் முகம் மாறினால்:* முதலில் திருப்தியாக வந்த முகத்தையே அடுத்தடுத்த படங்களுக்கு மாதிரிப் படமாகக் கொடுங்கள். ஒரே மாதிரிப் படத்தை மறுபடி பெற உதவும் விதை எண்ணைக் கருவி காட்டுமானால் அதையும் குறித்துவையுங்கள்.

*அடுத்த கடையிலும் அதே முகம் இருந்தால்:* கருவியில் தயாராகக் கிடைக்கும் மாடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அது பழுதில்லை, உறுத்தினால் மாற்றிக்கொள்ளுங்கள்.

*தெரிந்த நடிகரின் சாயல் வந்தால்:* உடனே நிறுத்துங்கள். 2023-இல் தில்லி உயர் நீதிமன்றம், நடிகர் அனில் கபூரின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை அவருடைய அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுத்தபோது, ஏஐ மூலம் உருவாக்குவதையும் சேர்த்தே தடுத்தது. ‘சும்மா சாயல்தானே’ என்ற வாதத்தை உங்கள் ஜாக்கெட்டை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

*உண்மையான மாடலின் முகத்தைப் பயன்படுத்த விரும்பினால்:* எழுத்துமூலமான ஒப்பந்தம் வேண்டும். 2025-இல் எச் அண்ட் எம் நிறுவனம் 30 மாடல்களின் டிஜிட்டல் நகல்களை உருவாக்குவதாக அறிவித்தபோது, அந்த நகலின் உரிமை அந்தந்த மாடலிடமே இருக்கும் என்று சொன்னது. நம் அளவில் ஒரு பக்க ஒப்பந்தம் போதும்; ஆனால் எத்தனை பொருளுக்கு, எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதை ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தளம் படத்தை நிராகரிக்கிறது

பின்னணி வெள்ளையாகத் தெரிந்தாலும் எண்ணில் வெள்ளையாக இருக்காது. அமேசானின் முதன்மைப் படத்துக்கு மூன்று எண்களும் 255 ஆக இருக்க வேண்டும்; ஏஐ உருவாக்கும் வெள்ளை பெரும்பாலும் 247, 250 என்றுதான் நிற்கிறது. நான்கு மூலைகளிலும் துளிமுனையை வைத்துப் பாருங்கள். பிறகு பொருள் படத்தின் 85 சதவீதத்தையாவது நிரப்புகிறதா, எழுத்தோ முத்திரையோ இருக்கிறதா, பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்குத் தேவையான 1,000 பிக்சலுக்குக் குறைந்துவிட்டதா என்று பாருங்கள்.

கூகுள் ஷாப்பிங்கில் நிராகரிக்கப்பட்டால் கோப்புக்குள் இருக்கும் தகவலைப் பாருங்கள். ஏஐ உருவாக்கிய படத்தில் அது அப்படி உருவானது என்று குறிக்கும் மறைதகவல் இருக்க வேண்டும், அதை நீக்கக் கூடாது என்பது கூகுள் மெர்ச்சண்ட் சென்டரின் விதி. கருவி அதைச் சேர்த்தே கொடுத்திருந்தாலும், இடையில் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதாலோ, மறைதகவலை நீக்கும் விதத்தில் சேமித்ததாலோ அது உதிர்ந்துபோயிருக்கலாம். கருவியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் கணக்குக்கே எச்சரிக்கை வந்தால், படத்தை மாற்றி மாற்றி ஏற்றாமல் தளத்தின் விற்பனையாளர் உதவிப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒவ்வொரு புதிய முயற்சியும் இன்னொரு மீறலாகப் பதிவாகலாம்.

அறிகுறி: படம் நன்றாக இருக்கிறது, சரக்கு திரும்பி வருகிறது

திருப்பி அனுப்பியவர்கள் எழுதிய காரணங்களை ஒன்றுவிடாமல் படித்து, நிறம், அளவு, துணி என்று மூன்றாகப் பிரியுங்கள். எது மிகுதியாக இருக்கிறதோ, மேலே அந்தத் தலைப்புக்குத் திரும்புங்கள். மூன்றும் கலந்து வந்தால், ஜாக்கெட்டை ஒரு பணியாளருக்கு அணிவித்து, சன்னலருகே நிற்கவைத்து எடுத்த ஒரு சாதாரணப் படத்தை இரண்டாவது இடத்தில் சேர்த்து, மாடல் ஏஐ மூலம் உருவாக்கப்பட்டவர் என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள். அந்தப் படத்தை ஏஐ படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போதே வித்தியாசம் உங்களுக்கே உறைத்தால், நீக்க வேண்டியது ஏஐ படத்தை.

இது மன உறுத்தலோடு முடிகிற விஷயமும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மைகள் பொருளில் இல்லையென்றால் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. தவறான விளம்பரத்துக்கு, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். நுகர்வோர் தரப்பிலிருந்து எழுத்துமூலமாக ஏதேனும் வந்துவிட்டால், அந்தப் பொருளின் ஏஐ படங்களைத் தளத்திலிருந்து அன்றே இறக்கிவிட்டு, மூலப் படம், உருவாக்கிய படம், உண்மையான ஜாக்கெட் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள்; ஜாக்கெட்டைத் துவைக்காமல், லேபிளை வெட்டாமல் கொண்டுபோக வேண்டும்.